இருபத்து நான்கு வரலாறுகள்

சீனப் பேரரசுக் காலத்தை ஆராய்பவர் எவரும் தவிர்க்க முடியாத நூல்தொகுதி இது. கி.மு. முதல் நூற்றாண்டு தொடங்கி கி.பி. 1739 வரை எழுதப்பட்ட 24 நூல்கள், 3,200க்கும் மேற்பட்ட இயல்கள். வீழ்ந்த அரசமரபின் வரலாற்றை அடுத்து வந்த மரபு எழுதிவைக்கும் வழக்கம் இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அடிப்படை. தோற்றவனின் கதையை வென்றவன் எழுதினால் எந்த அளவுக்கு நம்பலாம் என்ற கேள்வி அதனால் இவற்றைத் தொடக்கம் முதலே தொடர்ந்து வந்திருக்கிறது.

முதல் நூலான ‘ஷிஜி’ அரசாணையால் பிறந்ததன்று. ஹான் அரசவையில் வானியல் கணிப்பையும் ஆவணங்களையும் கவனித்த சிமா தான் என்பவர் தொடங்கியதை அவர் மகன் சிமா சியென் முடித்தார். சியோங்னுப் படையிடம் சரணடைந்த தளபதி லி லிங்குக்காகப் பரிந்து பேசியதற்காகப் பேரரசர் ஊ அவருக்கு ஆண்மைநீக்கத் தண்டனை விதித்தார். அந்த அவமானத்துக்கு முன் உயிரை விடுவதே மானம் என்று கருதப்பட்ட காலம். நூலை முடிக்கவே உயிரோடு இருப்பதாக நண்பருக்கு எழுதிய கடிதத்தில் அவர் சொல்கிறார். 130 இயல்களில் 70 இயல்கள் தனிமனிதர் வரலாறுகள்; அமைச்சர்களோடு வணிகர்களுக்கும் கொலையாளிகளுக்கும் அங்கே இடமுண்டு. பின்வந்தோர் இந்த அமைப்பை எடுத்துக்கொண்டார்கள். அந்தத் துணிச்சலை எடுத்துக்கொண்டவர்கள் குறைவு.

ஒரு நூலுக்கு ஒரே மரபு என்ற வரம்பை வகுத்தது ‘ஹான்ஷு’. அதை எழுதிய பான் கு கி.பி. 92இல் சிறையில் இறந்தார். எஞ்சிய பகுதிகளை முடிக்கும் பொறுப்பு அவருடைய தங்கை பான் ஜாவிடம் வந்தது. அந்நூலின் நிலவியல் இயல் கூறும் ஹுவாங்ஜி என்ற தொலைநாட்டைக் காஞ்சிபுரம் என்று கருதும் அறிஞர்கள் பலர்.

629இல் தாங் பேரரசர் தைசோங் வரலாற்று அலுவலகத்தை அமைத்ததும் தனியாள் பணி குழுப்பணியாக மாறியது. பேரரசரின் அன்றாடச் செயல்களும் பேச்சும் நாட்குறிப்பாகும். அவர் இறந்தபின் அது ஆட்சிப் பதிவேடாகத் திரட்டப்படும். மரபு வீழ்ந்தபின் அதுவே வரலாற்றுக்கு மூலமாகும். பேரரசர் தம்மைப் பற்றிய குறிப்பைப் பார்க்கக் கூடாது என்பது மரபு. அண்ணனையும் தம்பியையும் கொன்று 626இல் அரியணைக்கு வழி செய்துகொண்ட தைசோங்கோ, தம் காலத்துப் பதிவைக் கேட்டு வாங்கிப் படித்தார். குழுவாக எழுதுவதன் கேடுகளை அந்த அலுவலகத்திலேயே பணியாற்றிய லியு ஜிஜி 710இல் ‘ஷிதோங்’ நூலில் தோலுரித்தார்: மேலிருப்பவர்கள் பலர், ஆளுக்கொரு கட்டளை, எழுதுபவனுக்கோ முடிவெடுக்கும் உரிமையில்லை. வரலாற்றெழுத்தையே பொருளாகக் கொண்டு சீனத்தில் எழுந்த முதல் விரிவான ஆய்வு அதுதான்.

தொகுதியில் மிகப் பெரியது 496 இயல்கள் கொண்ட ‘சோங்ஷி’. மங்கோலிய யுவான் அரசின் ஆணையால் தோக்தோ தலைமையில் 1345இல் முடிந்தது. அவசரத்தில் தொகுத்ததால் ஒரே செய்தி இருமுறை வரும், ஒன்றுக்கொன்று முரணும் வரும். ஆனாலும் மூல ஆவணங்களை அதிகம் திருத்தாமல் சேர்த்ததே இன்று அதன் பலம். 1015, 1033, 1077 ஆண்டுகளில் சீனம் சென்ற சோழத் தூதுக்குழுக்களைப் பற்றி நமக்குத் தெரிவதில் பெரும்பங்கு இந்நூலின் வெளிநாட்டு இயல்களிலிருந்து வருகிறது. சோழர் வரலாற்றில் நீலகண்ட சாஸ்திரியும் சீனக் குறிப்புகளைப் பயன்படுத்தினார்.

மிங் மரபின் வரலாறு 1739இல் நிறைவுற்றது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், மறைந்துபோனதாகக் கருதப்பட்ட ‘பழைய ஐந்து மரபுகளின் வரலாறு’ பெருங்கலைக்களஞ்சியம் ஒன்றிலிருந்த மேற்கோள்களைக் கொண்டு மீட்கப்பட, எண்ணிக்கை 24 ஆனது. அதே காலத்தில் சியென் தாசின் போன்றோர் இவற்றைக் கல்வெட்டுகளோடும் பிற ஏடுகளோடும் ஒப்பிட்டுப் பிழைகளைத் தேடினார்கள். மூலத்தை ஐயத்தோடு அணுகும் முறை மேற்கிலிருந்து இறக்குமதியானது என்று சொல்பவர்கள் இவர்களைப் படிக்காதவர்கள்.

1902இல் லியாங் சிசாவ் தாக்குதலைத் தொடங்கினார். இவை மக்களின் வரலாறல்ல, அரசக் குடும்பங்களின் வம்சப் பட்டியல் என்பது அவர் குற்றச்சாட்டு. 1926 முதல் கு ஜியேகாங்கும் தோழர்களும் ஷிஜி கூறும் தொன்மை அரசர்களே பிற்காலக் கற்பனையோ என்று கேட்டார்கள். விடையின் ஒரு பகுதி அதற்கு முன்பே மண்ணிலிருந்து வந்திருந்தது. ஆன்யாங்கில் கிடைத்த குறி எலும்புகளைக் கொண்டு வாங் குவோவெய், ஷாங் அரசர்களின் வரிசையை சிமா சியென் ஏறத்தாழச் சரியாகவே தந்திருப்பதை 1917இல் காட்டினார். ஐயமும் தேவைப்பட்டது, அவசர நிராகரிப்பும் தவறாயிற்று.

மேலைநாட்டு ஆய்வில் இத்தொகுதிக்கு வழி திறந்தவர் எதுவார் ஷவான். ஷிஜியின் முதல் 47 இயல்களின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பை 1895–1905இல் விரிவான குறிப்புகளோடு வெளியிட்டார்.

சிங் மரபுக்கு முழு ஏற்புப் பெற்ற வரலாறு இதுவரை இல்லை. குடியரசுத் தலைவர் யுவான் ஷிகாய் 1914இல் அமைத்த அலுவலகத்தின் வரைவு 1928 வாக்கில் அச்சேறியது. தொகுத்தவர்கள் பலர் வீழ்ந்த மரபின் பழைய அதிகாரிகள். புரட்சியாளர்களை அவர்கள் கிளர்ச்சிக்காரர்களாகவே எழுதியிருந்தார்கள். தேசியவாத அரசு 1930இல் நூலுக்குத் தடை விதித்தது. வென்றவன் எழுதும் வழக்கம் இங்கே தலைகீழானது: தோற்றவர்கள் எழுதினார்கள், வென்றவன் தடுத்தான்.