பேர் வைத்ததும் விலை ஏறிய நாய்க்குட்டி

லேப்ரடூடுல், கோல்டன்டூடுல், காக்கபூ, கவபூ, மால்டிபூ... இதெல்லாம் ஏதோ பேக்கரி அயிட்டம் என்று நினைத்தீர்களானால் நீங்களும் என் கட்சிதான் :-) அத்தனையும் நாய்க்குட்டிகள். பூடில் என்கிற சுருட்டை முடி நாயை வேறொரு ஜாதி நாயோடு சேர்த்துப் பிறக்க வைத்தவை. இங்கே மும்பையில், எங்கள் செம்பூர் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் இப்போது அடிக்கடி காதில் விழுகிற பெயர்கள்.

காரணம் புரியாமல் இல்லை. ஊரை விட்டு வந்த வீடுகளில் பிள்ளைகள் தனி. அத்தை பிள்ளை, மாமா பிள்ளை எல்லாம் லீவுக்குத்தான். ஆறாவது மாடி ஃப்ளாட்டில் ஒற்றைக் குழந்தை நாய் வேண்டும் என்று அடம் பிடிக்கிறது. அம்மாவுக்கு வீடு முழுக்க முடி பறக்குமே என்ற பயம். குழந்தைக்கு வீசிங் வேறு இருந்தால் கேட்கவே வேண்டாம். அந்த நேரம் பார்த்து ஒருவர் வந்து, "முடி கொட்டாது, அலர்ஜி வராது, கியாரண்டி" என்கிறார். சொல்லும் விலை சில சமயம் ஒரு கிளார்க்கின் மாசச் சம்பளத்தைத் தாண்டுகிறது.

நான் பேங்க்காரன். யாராவது கியாரண்டி என்றால், சரி, பேப்பரைக் காட்டுங்கள் என்று கேட்டே இருபது வருஷம் ஓட்டியவன். அப்படி இந்த நாயின் பேப்பரைத் தேடிப் போனபோது கிடைத்த சரித்திரம்தான் கீழே.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கி விடுகிறேன். 'சுத்தமான ஜாதி நாய்' என்று நாம் மரியாதையாகச் சொல்வதெல்லாம் ஆதியில் கலப்புதான். இங்கிலாந்தின் நியூகாஸில் நகரில் 1859-ல் நடந்த போட்டியைத்தான் முதல் முறையான நாய்க் கண்காட்சி என்கிறார்கள். வந்தது இரண்டே வகை வேட்டை நாய்கள், பாயிண்டரும் செட்டரும். பரிசு என்ன தெரியுமா? துப்பாக்கி! 1873-ல் லண்டனில் கென்னல் கிளப் தொடங்கியது. எந்த நாய்க்கு யார் அப்பா, யார் அம்மா என்று பதிவேடு போட ஆரம்பித்தார்கள். அந்தப் புத்தகத்தில் இருந்தால் ஜாதி நாய். இல்லாவிட்டால் வெறும் நாய்.

அதே காலத்தில் ஜெர்மனியின் அபோல்டா என்ற ஊரில் லூயி டோபர்மேன் என்று ஒருவர் இருந்தார். வரி வசூலிப்பவர். வசூலுக்குப் போகிறவனுக்குத் துணை எவ்வளவு முக்கியம் என்று ரெக்கவரி செக்‌ஷனில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும் :-) தைரியமான நாய் வேண்டும் என்று பல வகைகளைக் கலந்து ஒன்றை உருவாக்கினார். இன்று அவர் பெயரே அந்த நாயின் பெயர். ஆனால் எதையெல்லாம் கலந்தார் என்று அவர் எழுதி வைக்கவில்லை. நிபுணர்கள் இன்றைக்கும் அதைப் பற்றி விவாதித்துக் கொண்டிருக்கிறார்கள்.

இன்னொருவர் எழுதி வைத்தார். ஸ்காட்லாந்தில் கிஷகன் என்ற எஸ்டேட்டில் இருந்த ட்வீட்மவுத் பிரபு. 1868-ல் நூஸ் என்ற மஞ்சள் நிற ரிட்ரீவரை, பெல் என்ற ட்வீட் வாட்டர் ஸ்பானியல் பெட்டையோடு சேர்த்தார். பிறந்த மஞ்சள் குட்டிகள்தான் இன்றைய கோல்டன் ரிட்ரீவரின் மூதாதைகள். எந்தக் குட்டி யாருக்குப் போனது, பிறகு எதோடு சேர்த்தார் என்று சுமார் இருபது வருஷம் நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்திருக்கிறார். நம் பழைய பிராஞ்சுகளின் லெட்ஜர் மாதிரி. அந்த நோட்டு 1952-ல் வெளியே வந்த பிறகுதான், கோல்டன் ரிட்ரீவர் ரஷ்ய சர்க்கஸ் நாய்களிலிருந்து வந்தது என்ற கட்டுக்கதை அடங்கியது.

ஆக, கலப்பு என்பது குற்றமே இல்லை. அதற்குக் கணக்கு இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இதை மனதில் வைத்துக்கொண்டு ஆஸ்திரேலியா போவோம்.

1980களில் மெல்போர்னில், பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய்களை வளர்க்கும் சங்கத்தில் வாலி கான்ரன் என்பவர் இனப்பெருக்கப் பிரிவைப் பார்த்துக் கொண்டிருந்தார். ஹவாய்த் தீவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் பார்வையற்ற பெண். அவருக்கு வழிகாட்டி நாய் வேண்டும். ஆனால் கணவருக்கு நாய் என்றாலே அலர்ஜி. என்ன செய்வது?

கான்ரன் முதலில் பூடிலைத்தான் நினைத்தார். அதன் முடி அதிகம் உதிராது, புத்தியும் அதிகம். 33 பூடில்களைப் பார்த்தார். ஒன்றுகூட வழிகாட்டி வேலைக்குத் தேறவில்லை. கடைசியில், வேலைக்குப் பழகிய லேப்ரடாரையும் முடி உதிராத பூடிலையும் சேர்த்துப் பார்ப்போம் என்று முடிவு செய்தார். 1989. மூன்று குட்டிகள் பிறந்தன. அவற்றின் முடியையும் எச்சிலையும் ஹவாய்க்கு அனுப்பி, அந்தக் கணவருக்கு ஒத்துக்கொள்கிறதா என்று சோதித்தார்கள். ஒத்துக்கொண்டது ஒரே ஒரு குட்டிதான். சுல்தான் என்று பெயர். பயிற்சி முடிந்து அது ஹவாய்க்குப் போய்ச் சேர்ந்தது.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். ஒரே அப்பா, ஒரே அம்மா, ஒரே ஈற்று. மூன்றில் ஒன்றுக்குத்தான் அந்தக் குணம். 'அலர்ஜி வராத நாய்' என்ற கதையின் முதல் பக்கத்திலேயே பதில் எழுதியிருக்கிறது. பத்துக் குட்டி பிறந்த இன்னொரு ஈற்றில் மூன்றுக்குத்தான் அப்படிப்பட்ட முடி அமைந்தது என்று கான்ரனே பின்னால் சொல்லியிருக்கிறார்.

ஆனால் உலகத்துக்கு ஞாபகம் இருப்பது இது இல்லை. அதற்கு அடுத்து நடந்ததுதான்.

வழிகாட்டி நாயாகப் போகும் குட்டிகளைச் சிறு வயதில் குடும்பங்களில் விட்டு மனிதர்களோடு பழக்குவது அந்தச் சங்கத்தின் வழக்கம். குட்டியை வளர்த்துத் தருகிறோம் என்று வெயிட்டிங் லிஸ்டே இருந்தது. ஆனால் இந்த மூன்றையும் யாரும் தொடவில்லை. கலப்பு நாயா, வேண்டாம் சார், லேப்ரடார் வரட்டும், காத்திருக்கிறோம் என்றார்கள். நாள் ஓடுகிறது, குட்டிகள் வளர்கின்றன. கான்ரன் ஒரு காரியம் செய்தார். கலப்பு என்று சொல்வதை நிறுத்தினார். 'லேப்ரடூடுல்' என்று ஒரு புது வகை நாயைக் கண்டுபிடித்திருக்கிறோம் என்று பத்திரிகைகளுக்குச் சொல்ல வைத்தார். அவ்வளவுதான், போன் ஓயவில்லை. அதே மூன்று குட்டிகள்! நேற்று வரை தீண்டாதவர்கள் இன்று க்யூவில்.

பி.காம். படித்தவர்களுக்கு 'குட்வில்' என்ற பாடம் ஞாபகம் இருக்கும். கடையில் உள்ள சரக்கின் மதிப்பு வேறு, கடைப் பெயரின் மதிப்பு வேறு. பல வருஷம் ஒழுங்காக வியாபாரம் செய்தால்தான் அது சேரும் என்று எங்கள் புரொபசர் சொல்வார். இங்கே ஒரு நாள்கூட வியாபாரம் நடக்கவில்லை. பெயர் மட்டும் வந்தது, மதிப்பு ஏறிவிட்டது.

அதற்குப் பிறகு கட்டுக்கடங்கவில்லை. காக்கபூ அமெரிக்காவில் அதற்கு முன்பே உண்டு. ஆனால் எதை எடுத்தாலும் பூடிலோடு சேர்த்து ஒரு செல்லப் பெயர் வைக்கும் பழக்கம் லேப்ரடூடுலுக்குப் பிறகுதான் தொழிலாகவே ஆனது. 2009 ஜனவரியில் ஒபாமா, மகள்களுக்கு வாங்கப்போகும் நாய் லேப்ரடூடுலா, போர்ச்சுகீஸ் வாட்டர் டாக்கா என்று யோசிப்பதாகச் சொன்னார். ஒரு மகளுக்கு அலர்ஜி என்பதுதான் காரணம். கடைசியில் வந்தது போர்ச்சுகீஸ் நாய். இருந்தாலும் லேப்ரடூடுலுக்குக் கிடைத்த விளம்பரத்தை நினைத்துப் பாருங்கள். கான்ரனோ வயதான காலத்தில் வருத்தப்பட்டுப் பேசினார். பெற்றோர் நாய்களின் ஆரோக்கியத்தைப் பார்க்காமல் காசுக்காக இனப்பெருக்கம் செய்கிறார்கள், இதற்கு நான் வழி திறந்து விட்டேனே என்பது அவர் ஆதங்கம்.

சரி, விஞ்ஞானம் என்ன சொல்கிறது? நாய் அலர்ஜிக்கு முடி நேரடிக் காரணம் இல்லை. நாயின் எச்சிலிலும் தோல் செதிலிலும் உள்ள புரதங்கள்தான் காரணம். 2011-ல் அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் நாய் வளர்க்கும் 173 வீடுகளின் தூசியை எடுத்து ஆராய்ந்தார்கள். 'அலர்ஜி தராத' வகை நாய் இருந்த வீட்டுக்கும் மற்ற வீட்டுக்கும் வித்தியாசம் இல்லை. 2012-ல் நெதர்லாந்தில் நடந்த ஆய்வில் இன்னும் வேடிக்கை. அலர்ஜி தராது என்று பேர் வாங்கிய வகைகளின் முடியில்தான் அந்தப் புரதம் அதிகமாக இருந்தது. லேப்ரடூடுல் இருந்த வீட்டுத் தரைத் தூசியில் கொஞ்சம் குறைவு, காற்றில் வித்தியாசம் இல்லை.

கலப்பு என்றால் நோய் வராது என்ற பேச்சும் உண்டு. 2024-ல் லண்டன் ராயல் வெட்டர்னரி காலேஜ், காக்கபூ, லேப்ரடூடுல், கவபூ மூன்றையும் அவற்றின் பெற்றோர் ஜாதிகளோடு 57 நோய்களில் ஒப்பிட்டது. சுமார் 87 சதவீத ஒப்பீடுகளில் வித்தியாசம் எதுவும் இல்லை. அதாவது ஜாதி நாயை விட மோசமும் இல்லை, உசத்தியும் இல்லை. நாய் நாய்தான்.

எங்கள் பில்டிங்கில் உள்ள திருநெல்வேலிக்காரர் ஒருவர் என்னிடம் யோசனை கேட்டபோது இதைத்தான் சொன்னேன். "சார், பையனுக்கு இன்ஹேலர் இருக்கு. இந்த நாய்னா ஒண்ணும் ஆகாதாமே?" என்றார். "தம்பி, முதலில் டாக்டரைக் கேளுங்க. அவர் சரின்னா, வாங்கப்போற அதே குட்டியோட பையன் நாலு தடவை போய் இருந்து பார்க்கட்டும். வகையைப் பார்த்து லோன் கொடுக்க முடியாது, ஆளைப் பார்த்துத்தான் கொடுக்கணும்" என்றேன். சிரித்தார்.

நம் நாட்டு நிலவரம் கொஞ்சம். 2017-ல் வந்த மத்திய அரசு விதிகளின்படி நாய்க்குட்டி வளர்த்து விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். தாய் நாயை நேரில் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். டூடுல் குட்டிக்கு கே.சி.ஐ. சர்டிபிகேட் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அங்கேயே திரும்பி விடுங்கள். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அந்த கென்னல் கிளப் லேப்ரடூடுலை ஒரு ஜாதியாகவே ஏற்கவில்லை. பிறகு, முடி கொட்டாது என்றால் வேலை இல்லை என்று அர்த்தமில்லை. கொட்டாத முடி சிக்குப் பிடிக்கும். தினம் சீவ வேண்டும், மாசத்துக்கு ஒரு தடவையாவது வெட்ட வேண்டும். மும்பை மழைக்காலத்தில் இது எப்படி இருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மோஸ்தரின் விலையை நாம் ஏற்கெனவே ஒரு தடவை பார்த்தவர்கள். 2003-ல் ஹட்ச் விளம்பரத்தில் பையன் பின்னாலேயே ஓடிய பக் நாய் ஞாபகம் இருக்கிறதா? அதற்குப் பிறகு எத்தனை வீட்டில் பக்! சப்பை மூக்கால் நம் ஊர் வெயிலில் மூச்சு வாங்கத் தவிக்கும் நாய் அது. விளம்பரம் மாறியது. நாய்கள் அந்த மூக்கோடுதான் மிச்ச ஆயுசையும் கழித்தன.

நம்மைப் போன்றவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. மூன்று வருஷத்துக்கு ஒரு ட்ரான்ஸ்ஃபர் ஆர்டர் வரும். நாயின் ஆயுசு பன்னிரண்டு, பதினாலு வருஷம். அதாவது நாலு ஊர், நாலு வீட்டுச் சொந்தக்காரர்கள், நாலு சொசைட்டி கமிட்டி. அத்தனை பேரிடமும் அந்த ஜீவனுக்காகப் பேச நீங்கள் தயார் என்றால் டூடுலோ, ராஜபாளையமோ, தெருவில் பிறந்த மணியோ, தாராளமாகக் கூட்டி வாருங்கள். எதுவானாலும் வாலை ஒரே மாதிரிதான் ஆட்டும்.