கொங்காணி

கொங்காணி: மழையிலும் பனியிலும் தலையையும் முதுகையும் மூட, சாக்கை மடித்து அணியும் கூம்பு வடிவப் போர்வை, கொங்காடை எனவும் வழங்கும். உடுத்தும் உறைவிட வகையைச் சேர்ந்தது. வெட்டும் தையலும் வேண்டாம். சாக்கின் அடிமூலை ஒன்றை மற்றதற்குள் முழுதும் செருகினால் குல்லாய் உருவாகும். எஞ்சிய பகுதி முதுகில் தொங்கும். முன்புறம் திறந்திருப்பதால் கைகள் வேலைக்கு விடுபடும். வயலில் குனிந்து நாற்று நடுவோர்க்கு இதனினும் பொருந்திய மழைக்காப்பு அரிது. குடை அங்கே உதவாது. பக்கப் பார்வையை மறைப்பதால் கூட்டத்திடையிலும் அணிந்தவருக்கு ஒரு தனியிடம் அமைகிறது. நனைந்த சணலின் கனமே இதன் குறை.

மழையில் முதுகில் ஓலைப்பறி (ஓலைப்பாய்) சுமந்த இடையனை நற்றிணை (142) காட்டுவதால், முதுகுக்காப்பு மரபு பழையது எனலாம். இக்காலக் கலைஞர் லூசி ஓர்ட்டா 1992இல் தொடங்கிய ‘ரெஃப்யூஜ் வேர்’ வரிசையில் மேலங்கியே கூடாரமாக விரியும்; வீடற்றோரின் பாதுகாப்புணர்வை முன்னிறுத்திய அக்கலைப்படைப்புகள் கொங்காணியோடு ஒப்பு நோக்கத்தக்கவை.

மேல்பட்டாம்பாக்கம் உள்ளிட்ட கடலூர் வட்டாரத்தில் வடகிழக்குப் பருவமழை (அக்டோபர்–டிசம்பர்) இதற்குரிய காலம். சணல் சாக்கின் இடத்தை இன்று பெரும்பாலும் உரமூட்டைப் பிளாஸ்டிக் பைகள் பிடித்துள்ளன.