அலைத்தாக்கு விளையாட்டு

பூதம், பிணப்பேய், வேற்றுலகவாசி என்று ஏதேனும் ஒரு பகைக்கூட்டம் அலை அலையாக வர, ஆடுபவர் தம் இடத்தை விட்டுக்கொடுக்காமல் உயிர் தப்ப வேண்டிய வீடியோ கேம் வகை இது. ஓர் அலை ஓய்ந்து அடுத்தது வருமுன் கிடைக்கும் சிறு இடைவேளைதான் இதன் உயிர்நாடி. சுவர் எழுப்புவதா, ஆயுதம் வாங்குவதா, எந்தப் பக்கத்தைக் கைவிடுவது என்பதெல்லாம் அப்போதுதான் முடிவாகும். கைவேகத்தை மட்டும் நம்புகிறவர் பிந்திய அலைகளில் நிலைப்பது அரிது.

1978இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனத்துக்காக தொமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ இவ்வகையின் தாய். வரிசைக்கு 11 பேராக 5 வரிசைகளில் 55 வேற்றுலகவாசிகள் இறங்கி வருவார்கள். ஆடுபவருக்குத் திரையின் அடியில் ஒரு பீரங்கியும் மறைந்துகொள்ள 4 அரண்களும் உண்டு. பகைவரின் குண்டு மட்டுமல்ல, ஆடுபவர் சுடும் குண்டும் அரணை அரிக்கும். கூட்டம் குறையக் குறைய எஞ்சியோர் வேகமெடுப்பார்கள். இது திட்டமிட்டு வைத்ததல்ல. வரைய வேண்டிய உருவங்கள் குறைந்ததால் செயலி விரைந்து இயங்கியது. நிஷிகாடோ அதை நீக்காமல் விட்டது இவ்வகைக்குக் கிடைத்த பெரும்பேறு.

திட்டமிடலைத் தனிக் கட்டமாகப் பிரித்தது அட்டாரி கேம்ஸின் ‘ராம்பார்ட்’ (1990). போர் முடிந்ததும் உடைந்த மதிலைக் குறித்த நேரத்துக்குள் அடைக்க வேண்டும். ஒரு கோட்டையையாவது சுற்றி வளைக்காவிட்டால் ஆட்டம் முடிந்தது. பின்னர் ‘வார்கிராஃப்ட் 3’ (2002) ரசிகர்கள் தாங்களே வரைந்த களங்களில், கோபுரம் எழுப்பிப் பகை அலைகளைத் தடுக்கும் கோபுரக் காவல் ஆட்டங்கள் பெருகின. ‘கியர்ஸ் ஆஃப் வார் 2’ 2008 நவம்பரில் 50 அலைகள் கொண்ட கூட்டாட்டத்தைத் தந்தது. அதே மாதம் வெளியான ‘கால் ஆஃப் டியூட்டி: வேர்ல்ட் அட் வார்’ சன்னல்களில் பலகை அடித்துப் பிணப்பேய்களைத் தடுக்கும் ஆட்டத்தைச் சேர்த்தது.

வியூகத்தை எளியோருக்கும் கொண்டு சேர்த்தது, செடி நட்டுப் பிணப்பேய்களிடமிருந்து வீட்டைக் காக்கும், ஜார்ஜ் ஃபேன் வடிவமைத்த ‘பிளான்ட்ஸ் வர்சஸ் ஸோம்பீஸ்’ (2009). பகல் களத்தில் 5 வரிசை, 9 நிரல் புல்வெளி. செடி வாங்கும் பணமாகக் கையில் 50 வெயில். சூரியகாந்திக்கு 50, பட்டாணி சுடும் செடிக்கு 100. முதலில் சூரியகாந்தி நட்டு வருமானத்தைப் பெருக்காதவர் பெரிய அலையில் வீட்டை இழப்பார்.

தமிழருக்கு இந்தச் சிந்தனை புதிதல்ல. தரையில் கோடு கிழித்து ஆடும் ஆடுபுலி ஆட்டத்தில் 3 புலிகளை எதிர்த்து 15 ஆடுகளை ஒவ்வொன்றாக இறக்கி, புலிகள் நகர வழியில்லாமல் அடைக்க வேண்டும். எளியது இடம் பிடித்தே வலியதை வெல்கிறது. 19ஆம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து இலங்கை மலையகத் தோட்டங்களுக்கு வந்தவர்களின் தாய்மண் ஆட்டம் இது. ‘பிளான்ட்ஸ் வர்சஸ் ஸோம்பீஸ்’ ஆட்டத்திலும் இதே சிந்தனையைக் காணலாம்.

இன்று அந்த மலையகத்தின் ஹட்டன், நுவரெலியா பகுதிகளில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களில் இவ்வகை ஆட்டங்கள் பெரும்பாலும் கைத்தொலைபேசியில்தான் ஆடப்படுகின்றன. சிக்னல் நிலையாகக் கிடைக்காத மலைச்சரிவுகளில் இணையமின்றி ஓடும் ஆட்டங்களே கைகொடுக்கின்றன. இங்கே பெயர் குறித்த வீடியோ ஆட்டங்களில் ஒன்றுகூடத் தமிழில் வெளிவரவில்லை.