பிரான்சின் கடுங்குளிர்: 1709 முதல் அண்ணன் வீட்டுக் குழாய் வரை

"தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்று எங்கள் அம்மா சொல்வார். நம் புதுச்சேரியில் பனி என்றால், விடியற்காலையில் கடற்கரைச் சாலையில் நடக்கப் போகிறவர்கள் காதைச் சுற்றி மப்ளர் கட்டிக்கொள்ளும் அளவுதான். 20 டிகிரிக்கு இறங்கினாலே நமக்கு நடுக்கம் வந்துவிடும். பனி உண்மையாகவே வீட்டைத் துளைக்கும் என்பதை நான் கண்ணால் பார்த்தது 1985 ஜனவரியில், பாரீசுக்கு வெளியே இருந்த என் அண்ணன் வீட்டில்.

இப்போது ஏன் அந்தப் பேச்சு என்றால், போன வாரம் நடைப்பயிற்சியின்போது நண்பர் ஒருவர் கேட்டார்: "பையன் பிரான்சில் தனி வீடு வாங்கியிருக்கிறான். பொங்கலுக்குக் குடும்பத்தோடு இங்கே வருகிறான். வீட்டைப் பூட்டிவிட்டு வந்தால் தண்ணீர்க் குழாய் வெடித்துவிடும் என்று யாரோ பயமுறுத்துகிறார்களாம். நிஜமா?" நிஜம்தான். "வால்வை மூடிவிட்டு, குழாயைத் திறந்து தண்ணீரை வடித்துவிட்டு வரச் சொல்லுங்கள்" என்று ஒரு வரியில் பதில் சொன்னேன். வீட்டுக்கு வந்த பிறகு யோசித்தேன். அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒரு பெரிய வரலாறு இருக்கிறது. எனக்கும் அதில் ஒரு சிறிய பங்கு உண்டு.

பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்குப் பதினான்காம் லூயியின் போர்களை வரிசையாக ஒப்பிக்கத் தெரியும். ஆனால் அந்த மன்னனின் நாட்டை எந்த எதிரிப் படையையும்விட அதிகமாக உலுக்கியது 1709-ஆம் ஆண்டின் குளிர். பிரெஞ்சுக்காரர்கள் அதை 'பெருங்குளிர்காலம்' என்றே பெயரிட்டு அழைக்கிறார்கள்.

அந்த ஆண்டு ஜனவரி 5-ஆம் தேதி இரவு, அதாவது மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு முதல் இரவு, குளிர் திடீரென்று இறங்கியது. அதுவரை மழையும் மிதமான வானிலையுமாக இருந்ததாம். பாரீசில் பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 20 டிகிரி வரை போயிற்று என்று கணக்கிடுகிறார்கள். ஆறுகள் உறைந்தன. மரங்கள் பிளந்தன. வெர்சாய் அரண்மனையில் மன்னன் குடிக்கும் ஒயினே உறைந்தது. அரசவையைப் பற்றி எழுதிய சேன் சிமோன் பிரபு, கணப்பு எரிந்த அறைகளிலேயே அலமாரியில் இருந்த மதுப் புட்டிகள் வெடித்தன என்று குறித்து வைத்திருக்கிறார். மன்னனின் தம்பி மனைவி, நெருப்பருகே உட்கார்ந்தும் பேனா பிடிக்க முடியவில்லை என்று உறவினருக்குக் கடிதம் எழுதினார்.

அரண்மனையிலேயே இந்த நிலை என்றால் குடிசையில் என்ன நடந்திருக்கும்? ஆனால் கவனிக்க வேண்டியது வேறொன்று. நாட்டைக் கெடுத்தது முதல் குளிர் மட்டுமல்ல. ஜனவரிக் கடைசியில் பனி உருகியது. "அப்பாடா, தப்பித்தோம்" என்று மக்கள் மூச்சு விட்டார்கள். வயலெல்லாம் ஈரமாகி நின்ற நேரத்தில் பிப்ரவரியில் மறுபடியும் உறைபனி அடித்தது. பயிருக்குப் போர்வையாக இருந்த பனி இல்லை. நனைந்த மண்ணிலேயே கோதுமை வேரோடு செத்தது. ஆறுகள் உறைந்திருந்தபோது தண்ணீரில் சுழலும் மாவு மில்கள் நின்றன. தானியப் படகுகளும் ஓடவில்லை. வசந்தத்தில் மறுபடி உழுது பார்லி விதைத்தவர்களுக்குத்தான் கொஞ்சமாவது விளைந்தது. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் பஞ்சத்திலும் நோயிலும் வழக்கத்துக்கு மேல் சுமார் 6 லட்சம் பேர் இறந்தார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். மன்னன் தன் தங்கத் தட்டுகளை நாணயச் சாலைக்கு அனுப்பி உருக்க வேண்டி வந்தது.

வெடித்த மதுப் புட்டிக்கும் வெடிக்கும் குழாய்க்கும் காரணம் ஒன்றுதான். பெரும்பாலான பொருள்கள் குளிர்ந்தால் சுருங்கும். தண்ணீர் அப்படியல்ல, பனிக்கட்டியாகும்போது சுமார் 9 சதவீதம் பருமன் கூடும். 10 லிட்டர் தண்ணீர் உறைந்தால் ஏறக்குறைய 11 லிட்டர் இடம் கேட்கும். குழாயில் அந்த இடம் ஏது? ஓரிடத்தில் பனிக்கட்டி அடைத்துக்கொண்டு வளர வளர, அதற்கும் மூடிய குழாய்க்கும் நடுவே சிக்கிய தண்ணீரில் அழுத்தம் ஏறும். பலவீனமான இடத்தில் குழாய் பிளக்கும். பிளந்த நேரத்தில் ஒன்றும் தெரியாது. பனிக்கட்டியே அடைப்பாக நிற்கும். அது உருகும்போதுதான் வெள்ளம் வரும். 1709 வயலைப் போலவே, இங்கேயும் 'தப்பித்தோம்' என்று நினைக்கும் நேரம்தான் ஆபத்து.

பதினான்காம் லூயி காலத்தில் சாதாரண வீட்டில் குழாய் கிடையாது. பாரீஸ்வாசிகள் கிணற்றிலும் தெருவிலிருந்த நீரூற்றிலும் தண்ணீர் எடுத்தார்கள். வசதி உள்ளவர்களுக்குத் தண்ணீர் சுமப்பவர்கள் வாளியில் மாடிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில், மூன்றாம் நெப்போலியன் ஆட்சியில், பெல்கிரான் என்ற பொறியாளர் தொலைவிலிருந்த ஊற்று நீரைப் பாரீசுக்குக் கொண்டு வந்தார். நகரத்துக்குள் தண்ணீர்க் குழாய்கள் பெரும்பாலும் பாதாளச் சாக்கடைச் சுரங்கங்களின் உள்ளேயே, சுவரை ஒட்டிப் போகின்றன. நமக்கு முகம் சுளிக்கத் தோன்றும். ஆனால் மேலே தெரு உறைந்தாலும் ஆழத்திலுள்ள சுரங்கத்தில் அவ்வளவு குளிர் இறங்காது. 1879 டிசம்பர் 10-ஆம் தேதி பாரீசில் மைனஸ் 23.9 டிகிரி பதிவானது. அப்படிப்பட்ட நாளில் மண்ணுக்குள் ஆழத்தில் ஓடும் குழாயைவிட, அதிலிருந்து வீட்டுக்கு ஏறும் குழாய்க்குத்தான் ஆபத்து அதிகம். பழைய பாரீஸ் கட்டடங்களின் வாசலில் 'எல்லா மாடிகளிலும் தண்ணீரும் எரிவாயுவும் உண்டு' என்று நீல நிறப் பலகை இன்றும் இருக்கும். மாடிக்குத் தண்ணீர் ஏறியது பெருமை. அதோடு உறைபனிக்கும் வீட்டுக்குள் ஒரு வழி திறந்தது.

அடுத்து 1954. நம் ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கிய ஆண்டு அது. அதே ஆண்டின் தொடக்கத்தில் பிரான்சில் கடுங்குளிர். போர் முடிந்து ஒன்பது ஆண்டு ஆகியும் வீட்டுப் பஞ்சம் தீரவில்லை. ஜனவரித் தொடக்கத்தில், பழைய பேருந்து ஒன்றில் குடியிருந்த குடும்பத்தின் கைக்குழந்தை குளிரில் இறந்தது. மாதக் கடைசியில் பாரீசின் செபஸ்தொபோல் சாலையில் ஒரு பெண் நடைபாதையிலேயே உறைந்து இறந்தாள். வீட்டிலிருந்து வெளியேற்றிய உத்தரவு அவள் கையில் இருந்தது. அபே பியேர் என்ற பாதிரியார் பிப்ரவரி 1-ஆம் தேதி லக்ஸம்பர்க் வானொலியில் இந்தச் சாவைச் சொல்லி, போர்வையும் கூடாரமும் அடுப்பும் கேட்டார். நாடே எழுந்து கொடுத்தது. சார்லி சாப்ளினும் 20 லட்சம் பிராங்க் கொடுத்தார்.

கொடையோடு அது முடிந்திருந்தால் வரலாறாகியிருக்காது. 1956 டிசம்பர் 3-ஆம் தேதி ஒரு சட்டம் வந்தது. குளிர்கால மாதங்களில் வாடகை பாக்கிக்காகக்கூட குடியிருப்பவரை வீட்டை விட்டு வெளியேற்றக் கூடாது. முதலில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை என்று இருந்தது. இப்போது நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை. நாம் விடுதலை நாள் கொண்டாடும் அதே நவம்பர் 1. நானும் அரசாங்க ஆபீசில் கோப்பு புரட்டியவன். ஒரு சாவு, ஒரு தேதியாகச் சட்டப் புத்தகத்தில் ஏறுவது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும்.

அந்த 1956-ஆம் ஆண்டிலேயே பிப்ரவரி முழுவதும் மறுபடியும் குளிர் வந்தது. இந்தத் தடவை பனி அதிகம் பார்க்காத தெற்குப் பகுதியான புரோவான்ஸையும் விடவில்லை. ஜனவரி இதமாக இருந்ததால் ஒலிவ மரங்களில் சாறு ஏறியிருந்தது. திடீரென்று உறைந்ததும் மரங்கள் லட்சக்கணக்கில் பட்டுப்போயின. மறுபடியும் அதே பாடம். குளிரைவிட, எதிர்பாராத குளிர்தான் கொடியது.

இனி என் பங்கு. 1962 ஆகஸ்ட் 16-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். அண்ணன் எழுதிக் கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறினார். நான் அம்மாவோடு தங்கிவிட்டேன். 1984 கடைசியில் விடுப்பு எடுத்துக்கொண்டு அவரைப் பார்க்கப் போனேன். அந்த ஜனவரியில் இரண்டு வாரம் பிரான்சு முழுவதும் உறைந்து கிடந்தது. பொங்கலுக்கு மார்செய்யில் இருந்த உறவினர் வீட்டுக்குப் போனோம். எண்ணெய் விலை ஏறியிருந்த காலம். மூன்று நாள் மிச்சமாகட்டும் என்று அண்ணன் பாய்லரை முழுக்க நிறுத்திவிட்டுப் புறப்பட்டார்.

திரும்பி வந்தால் குழாயில் தண்ணீர் இல்லை. பாய்லரைப் போட்டுவிட்டுக் காத்திருந்தோம். மறுநாள் பக்கத்து வீட்டு மதாம் ஒரு வாளித் தண்ணீர் கொடுத்தார். வயதானவர், 1954-ஐயும் 1956-ஐயும் பாரீசில் கடந்தவர். என்னிடம், "மெயின் வால்வை மூடிவிட்டீர்களா? உறையும்போது பயப்படாதீர்கள், உருகும்போது பயப்படுங்கள்" என்றார். தண்ணீரே வராதபோது எதை மூடுவது என்று மனதுக்குள் சிரித்தேன். அண்ணனிடம் சொல்லவில்லை. அடுத்த இரண்டு மூன்று நாளில் வானிலை இளகியது. நடு இரவில் நிலவறையிலிருந்து சத்தம் கேட்டது. இறங்கிப் பார்த்தோம், கணுக்கால் அளவு தண்ணீர்.

நிலவறையில் அண்ணனின் தகரப் பெட்டி இருந்தது. பிறப்புச் சான்று, குடியுரிமைக் காகிதங்கள் எல்லாம் நனைந்தன. அவற்றுக்கு நாந்த் நகரத்து அலுவலகத்துக்கும் மற்ற இடங்களுக்கும் எழுதிப்போட்டு நகல் வாங்கிவிட்டார். ஆனால் அதே பெட்டியில் அம்மா இருபது ஆண்டு எழுதிய கடிதங்கள் இருந்தன. பேனா மையில் எழுதியவை. கயிறு கட்டி ஒவ்வொன்றாகக் காயப்போட்டார் அண்ணன். வெறும் நீலக் கறையாகத்தான் காய்ந்தன. அம்மா அதற்கு முந்தைய ஆண்டுதான் காலமாகியிருந்தார். அந்தக் கடிதங்களுக்கு எந்த அலுவலகமும் நகல் தராது. பாய்லரை நிறுத்தியது தன் தப்பு என்று அண்ணன் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். மதாம் என்னிடம் சொன்னதை நான் அவரிடம் ஒருநாளும் சொல்லவில்லை. அண்ணன் போய் ஆறு ஆண்டு ஆகிறது. இங்கே எழுதிவிட்டேன்.

பிள்ளைகள் அங்கே இருக்கும் நண்பர்களுக்காக, மதாம் பிறகு எனக்குச் சொன்னதையும் நான் தெரிந்துகொண்டதையும் தருகிறேன்.

ஊரை விட்டுக் கிளம்பும்போது பாய்லரை நிறுத்தாமல், பனித்துளிப் படம் போட்ட 'ஓர்-ழெல்' நிலையில் வைக்க வேண்டும். வீடு 7, 8 டிகிரியில் நிற்கும். மெயின் வால்வை மூடி, தாழ்வான குழாயைத் திறந்து தண்ணீரை வடிக்க வேண்டும். தோட்டத்துக் குழாயை நவம்பரிலேயே மூடி வடித்துவிடலாம். வெளியே மீட்டர் பெட்டி இருந்தால் தெர்மகோல் வைத்து மூடலாம். வைக்கோலும் துணியும் கூடாது; ஈரம் இழுத்து அதுவே உறையும். வீட்டில் இருக்கும்போது கடுங்குளிர் இரவில் குழாயை மெல்லிய நூலாக ஒழுக விடலாம். ஓடும் தண்ணீர் எளிதில் உறையாது. உறைந்துவிட்டால் முதலில் மெயின் வால்வை மூட வேண்டும். பிறகு குழாயைத் திறந்து வைத்து, அந்தப் பக்கத்திலிருந்து தொடங்கி வெந்நீர்த் துணியோ ஹேர் டிரையரோ வைத்து மெதுவாக இளக்க வேண்டும். நெருப்புக் காட்டக் கூடாது. குளிருக்குப் பயந்து காற்றுத் துவாரங்களை அடைக்கவும் கூடாது. அடுப்புப் புகையின் நச்சு வாயு வாசனையே தெரியாமல் ஆளைக் கொன்றுவிடும்.

முக்கியமான காகிதங்களை நிலவறையில் வைக்க வேண்டாம். கடிதங்களைக் கட்டாயம் வேண்டாம்.

ஒவ்வொரு நவம்பர் 1-ஆம் தேதியும் காலையில் கொடியேற்றம் பார்த்துவிட்டு வந்து, அண்ணன் மகனுக்குப் போன் போடுவேன். "சித்தப்பா, தோட்டத்துக் குழாய் மூடியாச்சு" என்று நான் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவான்.