நெல் திருவிழா

நெல் திருவிழா என்பது தமிழ்நாட்டின் திருவாரூர் மாவட்டத்தில், திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கம் கிராமத்தில் தொடங்கப்பட்ட, மரபு நெல் வகைகளைப் பரப்பும் உழவர் விழாவாகும். இயற்கை வேளாண் அறிவியலாளர் கோ. நம்மாழ்வாரின் வழிகாட்டலில் நெல் ஜெயராமன் 2000களின் நடுப்பகுதியில் இதனைத் தொடங்கினார்.

விதைப் பரிமாற்றம்

விழாவிற்கு வரும் உழவர்களுக்கு மரபு நெல் வகையொன்றின் விதை 2 கிலோ இலவசமாக வழங்கப்படும். அதனைப் பயிரிட்டு, அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தருதல் வேண்டும். சாதாரண முறையில் சேமிக்கப்படும் விதைநெல்லின் முளைப்புத்திறன் ஓரிரு ஆண்டுகளில் குறைந்துவிடும். எனவே ஒரு வகை அழியாதிருக்க, அது தொடர்ந்து வயலில் விளைய வேண்டும். பலரிடம் விதை பரவுவதால், ஒருவர் வயலில் பயிர் பொய்த்தாலும் மற்றொருவர் வயலில் அவ்வகை எஞ்சும்.

பயிற்சி

விழாவில் கருத்தரங்கு, விதைக் கண்காட்சி, இயற்கை வேளாண்மைப் பயிற்சி ஆகியவை இடம்பெறும். வெள்ளம் தாங்கும் காட்டுயானம், உவர் நிலத்திலும் விளையும் குழியடிச்சான் போன்றவற்றிலிருந்து தம் நிலத்திற்கு ஏற்ற வகையை உழவர்கள் அறிந்து தெரிவு செய்வர்.

பிற்காலம்

174 மரபு நெல் வகைகளை மீட்டெடுத்த ஜெயராமன், 2018 டிசம்பர் 6 ஆம் நாள் காலமானார். அதன் பின்னரும் விழா நடத்தப்பட்டது. 2021 ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு தனது வேளாண் நிதிநிலை அறிக்கையில், அவர் பெயரில் மரபு நெல் பாதுகாப்பு இயக்கத்தை அறிவித்தது.