இராயபுரமும் நீராவி மரபுப் பயணங்களும்: வடசென்னை இருப்புப்பாதையின் மரபுரிமை

ஆய்வுச் சுருக்கம்

தென்னிந்தியாவின் முதல் பயணியர் இருப்புப்பாதை 1856இல் இராயபுரத்தில் தொடங்கியது. சென்னையில் அண்மைக்காலத்தில் நடந்த அறியப்பட்ட நீராவி மரபுப் பயணங்களோ நகரின் வேறு நிலையங்களிலிருந்து புறப்பட்டன. இவ்விலகலை மரபுரிமை பற்றிய பொதுப் பார்வையோடு பொருத்தி இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: இராயபுரம், நீராவிப் பொறி, அகலப்பாதை, மரபுரிமை, பெரம்பூர்

முன்னுரை

இந்தியாவில் இருப்புப்பாதை மரபு என்றதும் மலைப்பாதைகளே முதலில் நினைக்கப்படுகின்றன. டார்ஜிலிங் (1999), நீலகிரி (2005), கால்கா–சிம்லா (2008) ஆகியவை யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றன. மும்பை சத்திரபதி சிவாஜி நிலையம் 2004இல் பெற்ற ஏற்பு பெரிதும் அதன் கட்டடக்கலை சார்ந்தது. கடற்கரையை ஒட்டிச் சரக்கும் உழைப்பாளரும் சென்ற அகலப்பாதைக்கு இத்தகைய கவனம் கிட்டவில்லை.

இராயபுரத்தின் இடம்

சென்னையின் இருப்புப்பாதை வரலாறு சரக்கிலேயே தொடங்குகிறது. 1837இல் செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டை வரை அமைந்த பாதை, சாலைப் பணிக்கான கற்களைக் கொண்டுவந்தது. பின்னர் மதராஸ் இரயில்வே நிறுவனம் 1853இல் தன் பணியைத் தொடங்கியது. 1856 ஜூலை 1ஆம் நாள் இராயபுரம்–வாலாஜா சாலைப் பாதை பயன்பாட்டிற்கு வந்தது. அக்காலத்தில் சென்னைக்குத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் கடலில் நங்கூரமிட, மசூலாப் படகுகளே சரக்கைக் கரைசேர்த்தன. செயற்கைத் துறைமுகப் பணி 1870களில்தான் தொடங்கியது. கருப்பர் நகரத்தின் வணிகத்திற்கும் கடற்கரைக்கும் அருகில் இருந்தமை இராயபுரத்தின் சிறப்பு.

1873இல் சென்ட்ரல் நிலையம் தோன்றிய பின் இராயபுரத்தின் முதன்மை படிப்படியாகக் குறைந்தது. எனினும், 1853இல் பம்பாயிலும் 1854இல் ஹவுராவிலும் அமைந்த தொடக்க நிலையக் கட்டடங்கள் இன்றில்லாமையால், இந்தியாவில் எஞ்சியுள்ள மிகப் பழைய நிலையக் கட்டடம் இராயபுரத்தினுடையதே. அது 2005இல் புதுப்பிக்கப்பட்டது.

பெரம்பூரில் உயிர்பெற்ற பொறி

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 1855இல் உருவான இ.ஐ.ஆர். 21 என்னும் பொறி, கிழக்கிந்திய இரயில்வேயில் பணியாற்றி 1909இல் ஓய்வுபெற்றது. பின்னர் ஜமால்பூரிலும் ஹவுராவிலும் காட்சிப்பொருளாக நின்றது. 1856இல் தொடங்கப்பட்ட பெரம்பூர்ப் பணிமனைகளின் தொழிலாளர் அதற்கு மீண்டும் இயக்கம் தந்தனர். 2010 ஆகஸ்ட் 15ஆம் நாள் அது சென்ட்ரலிலிருந்து ஆவடிக்கு ஓடியது. பின்னர் எழும்பூர்–கோடம்பாக்கம் தடத்திலும் ஓடியது.

இங்கு ஒரு முரண் புலப்படுகிறது. ஆவடிப் பயணம் 1856ஆம் ஆண்டுத் தடத்தின் ஒரு பகுதியைத் தொட்டது. ஆனால் அத்தடத்தின் தொடக்கப் புள்ளியை விட்டுவிட்டது. வங்கத்தில் உழைத்த பொறி வடசென்னைத் தொழிலாளரின் கைத்திறனால் மீண்டது. அதன் கொண்டாட்டமோ வடசென்னையின் முதல் நிலையத்தில் தொடங்கவில்லை.

முடிவுரை

பொறியும் இராயபுரம் தடமும் 1676 மி.மீ. அகலம் கொண்டவை, எனவே பாதை அகலம் தடையன்று. புறநகர் வண்டிகளும் சரக்கு வண்டிகளும் மின்பொறிப் பணிமனையும் நெருக்கும் தடத்தில் நேரம் ஒதுக்குவதே உண்மையான சிக்கல். ஆண்டுக்கொரு முறை, ஜூலை முதல் நாளில், இராயபுரத்திலிருந்து பெரம்பூருக்கு ஒரு பயணம் அமையுமாயின், நிலையத்தையும் பணிமனையையும் ஒரே வரலாறாகக் காண வழி பிறக்கும். மலைக்காட்சியோடு துறைமுக உழைப்பும் இருப்புப்பாதை மரபாக ஏற்கப்படுவதற்கு அது தொடக்கமாகும்.