அந்நியர் நம்பிய துறைமுகம்



ஒரு துறைமுகத்தின் பெருமையை அங்கு வந்து தங்கும் கலங்களின் தொகையைக் கொண்டு அளப்பர் பலர். வந்திறங்கும் அந்நியனை அவ்வூர் எங்ஙனம் நடத்திற்று என்பதே அதனினும் சிறந்த அளவுகோலாகும். சோமாலிய நாட்டின் மொகடிஷு நகரம் இதற்குத் தக்க சான்று.

வடகீழ்ப் பருவக்காற்றுடன் அராபியாவினின்றும் இந்தியாவினின்றும் அங்கு சென்ற மரக்கலங்கள், திரும்புவதற்குத் தென்மேல் பருவக்காற்றை எதிர்பார்த்திருத்தல் வேண்டும். ஊரின் மொழியும் சந்தையின் விலையும் அறியாத வணிகன் அதுவரை யாரை நம்புவான்?

இதற்கு அந்நகரம் கண்ட விடையை, 1331 ஆம் ஆண்டளவில் அங்கு சென்ற மொரோக்கோ நாட்டு யாத்திரிகர் இப்னு பதூதா எழுதிவைத்துள்ளார். கப்பல் வந்ததும் இளைஞர் பலர் சிறு படகுகளில், மூடிய உணவுத் தட்டுகளுடன் அதனை அணுகுவர். ஒவ்வொருவரும் ஒரு வணிகர்முன் தட்டினை வைத்து, அவரைத் தம் விருந்தினராக ஏற்பர். அன்றுமுதல் அவ்வணிகர் அவ்விளைஞரின் இல்லத்திலேயே தங்குவார். அவருக்காக வாங்குபவரும் விற்பவரும் அவ்வீட்டாரே. விருந்தளிப்பவர் அறியாமல் ஒருவர் அவருக்குப் பொருள் விற்றாலும், அவரிடம் அடிமாட்டு விலைக்கு வாங்கினாலும் அவ்வியாபாரம் செல்லாது. இதனால் விருந்தினர்க்குப் பாதுகாப்பு, வீட்டார்க்கு ஆதாயம். அறமும் வாணிபமும் ஒன்றையொன்று தாங்கிநின்ற ஏற்பாடு இது.

இப்னு பதூதாவோ வணிகரல்லர், சட்ட அறிஞர். அதனையறிந்த காதியார் மாணவர்களுடன் கடற்கரைக்கே வந்து அவரை எதிர்கொண்டார். சுல்தானின் மாளிகையில் வெற்றிலையும் பாக்கும் வழங்கப்பெற்றன. பின்னர் வந்த விருந்தில் நெய்ச்சோறும், பாலில் வேகவைத்த வாழைக்காயும், எலுமிச்சை ஊறுகாயும், பச்சை இஞ்சியும், மாங்காயும் இடம்பெற்றன. நம் வீட்டுப் பந்தியை நினைவூட்டும் இப்பொருள்களே, அக்கரையையும் ஆசியக் கரைகளையும் கடல் எத்துணை நெருக்கமாகப் பிணைத்திருந்தது என்பதைக் காட்டும். 1344 ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தியைக் கண்டவரும் இவரேயாவர்.

1991 ஆம் ஆண்டில் சோமாலிய அரசு வீழ்ந்தது. உள்நாட்டுப் போரில் பழைய நகர்ப்பகுதிகள் பெரிதும் சிதைந்தன. எனினும் 1269 ஆம் ஆண்டில் எழுந்த பக்ருதீன் பள்ளிவாசல் இன்றும் நிற்கின்றது. இடிந்த சுவரைக் கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிவிடலாம். கரைசேரும் அந்நியன் அஞ்சாது இறங்கும் நம்பிக்கையை எழுப்புவதற்கோ ஒரு தலைமுறை உழைக்கவேண்டும். அந்நம்பிக்கையே மொகடிஷுவின் பழைய முதல். அது இல்லாதவிடத்துத் துறைமுகம் என்பது வெறுங்கரையே.